ஒரே எண்கள், இரண்டு பிராசஸர்கள்: 12400-உம் 5600ஜி-யும்

இன்டெல் கோர் ஐ5-12400, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி ஆகிய இரண்டின் விவரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் முதலில் குழம்பித்தான் போவார். இரண்டிலும் 6 கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), இரண்டிலும் 12 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகள்), இரண்டின் உச்ச வேகமும் 4.4 கிகாஹெர்ட்ஸ், இரண்டின் மீதும் 65 வாட் என்ற குறிப்பு. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்காமலேயே திரையை இணைத்துக்கொள்ளும் வசதியும் இரண்டிலும் உண்டு. 5600ஜி 2021 ஆகஸ்டிலும் 12400 2022 ஜனவரியிலும் கடைகளுக்கு வந்தன. ஆகவே வயதிலும் பெரிய இடைவெளி இல்லை. இவற்றுக்குப் பின் புதிய தலைமுறைகள் வந்துவிட்டாலும், கையைக் கடிக்காத செலவில் வீட்டுக்கு ஒரு கணினி கட்ட நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது இந்த இரண்டு பெயர்களும் இன்றைக்கும் அடிபடுகின்றன.

சென்னை ரிச்சி தெருவில் நான் வழக்கமாக உதிரிபாகங்கள் வாங்கும் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, "ரெண்டும் ஒண்ணுதான் சார், எது ஸ்டாக்ல இருக்கோ அதை எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. என்னிடம் ஏற்கெனவே 5600ஜி இருந்தது. அக்கா மகனுக்காக 12400 வைத்து ஒரு கணினி கட்டி, அவனிடம் ஒப்படைப்பதற்கு முன் மேற்கு மாம்பலத்தில் என் வீட்டிலேயே சில வாரங்கள் வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே வேலைகளைக் கொடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது. எந்த வேலைக்கு, எந்த அறையில் என்ற இரண்டையும் சொல்லாமல் 'எது வேகமானது' என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது என்பதை அந்த வாரங்களில் உறுதியாக உணர்ந்தேன். அதை முடிந்தவரை விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 4.4 கிகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 440 கோடித் துடிப்புகள் என்பது அதன் பொருள். ஒரு நிரல் ஓடி முடிய ஆகும் நேரமோ மூன்று அளவுகளின் பெருக்கல்: நிறைவேற்ற வேண்டிய ஆணைகள் எத்தனை, ஓர் ஆணைக்குச் சராசரியாக எத்தனைத் துடிப்புகள் செலவாகின்றன, ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது. இவற்றில் மூன்றாவதை மட்டுமே பெட்டியில் அச்சிடுகிறார்கள். இரண்டாவதுதான் பிராசஸரின் உள்வடிவமைப்பைப் பொறுத்தது, அது எந்தப் பெட்டியிலும் இருப்பதில்லை.

இந்த மறைவு எவ்வளவு தூரம் மக்களைத் திசைதிருப்பும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டின் இறுதி ஒரு பாடம். அந்த நவம்பரில் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகங்களில் பென்டியம் 4 வெளிவந்தது. அதற்கு முந்தைய பென்டியம் 3 அப்போது 1 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. எண்ணைப் பார்த்தால் பாதிக்குப் பாதி முன்னேற்றம். ஆனால் அன்றாட நிரல்கள் பலவற்றில் பழைய பென்டியம் 3 புதியதை முந்திச் சென்றது. கடிகாரத்தை வேகமாக ஓட்டுவதற்காகப் பென்டியம் 4-இன் பைப்லைனை, அதாவது ஆணைகள் படிப்படியாக நகரும் வரிசையை, 20 படிகளாக நீட்டியிருந்தார்கள். நிரல் எந்தக் கிளையில் திரும்பும் என்று பிராசஸர் முன்கூட்டி ஊகித்தது தவறிப்போனால், அந்த நீண்ட வரிசையில் பாதி வெந்திருந்த ஆணைகளையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. மறுபுறம் ஏஎம்டி 2001-இல் அத்லான் எக்ஸ்பி வரிசையை வெளியிட்டபோது 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ஒன்றுக்கு 1800+ என்று பெயர் வைத்தது. மெகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்கும் வழக்கத்தை எதிர்கொள்ள அந்த நிறுவனத்துக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று கடைகளில் மெகாஹெர்ட்ஸ் கேட்டவர்கள் இன்று கிகாஹெர்ட்ஸும் கோர் எண்ணிக்கையும் கேட்கிறார்கள். கேள்வியின் தன்மை மாறவில்லை.

நம் இரண்டு பிராசஸர்களுக்கு வருவோம். 12400-இல் இருப்பது இன்டெல்லின் கோல்டன் கோவ் என்ற கோர் வடிவமைப்பு. 5600ஜி-யில் இருப்பது ஏஎம்டியின் ஸென் 3. கோல்டன் கோவ் ஒரே துடிப்பில் 6 ஆணைகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வல்லது. ஸென் 3-இன் பிரிப்பான்கள் 4. வரிசை மாற்றி நிறைவேற்றுவதற்காக ஒரே நேரத்தில் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆணைகள் முன்னதில் 512, பின்னதில் 256. ஏற்கெனவே பிரித்த ஆணைகளைத் தனியே சேமித்து வைத்து, அதிலிருந்து ஒரு துடிப்பில் இன்னும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இரண்டிலுமே இருப்பதால், பிரிப்பான்களின் எண்ணிக்கையிலுள்ள வேறுபாடு அப்படியே வேகத்தில் தெரிவதில்லை. ஆனாலும் ஒரே 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும்போது கோல்டன் கோவ் ஒரு துடிப்பில் முடிக்கும் வேலை சற்று அதிகம். பலரும் பயன்படுத்தும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையின் ஒற்றைக் கோர் பகுதியில் 12400 சுமார் 1,700 புள்ளிகளும் 5600ஜி சுமார் 1,500 புள்ளிகளும் பெறுவது இதனால்தான். கடிகாரம் ஒன்று, கோர் எண்ணிக்கை ஒன்று, ஆனாலும் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான இடைவெளி.

உற்பத்தி முறையைக் குறிக்கும் நானோமீட்டர் எண்ணையும் சிலர் வேகத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். 5600ஜி, டிஎஸ்எம்சி என்ற சில்லு உற்பத்தி நிறுவனத்தின் 7 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. 12400 செய்யப்பட்ட முறையின் பெயர் 'இன்டெல் 7'. இன்டெல்லின் 10 நானோமீட்டர் முறையின் மேம்பட்ட வடிவத்துக்கு 2021-இல் இடப்பட்ட பெயர் அது. வடிவமைப்பு வேறு, அதைச் சிலிக்கானில் வார்த்தெடுக்கும் முறை வேறு என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸர் திட்டத்தில் 2018-இல் ரைஸ்க்ரீக் என்ற சில்லு இன்டெல்லின் 22 நானோமீட்டர் முறையில் அமெரிக்காவில் உற்பத்தியானது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரிமோ என்ற சில்லு சண்டிகருக்கு அருகே மொகாலியிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் உற்பத்தியானது. வடிவமைப்பு இங்கேயே உருவானது. வார்ப்பதற்கு மட்டும் இரு வேறு பட்டறைகள். பிராசஸரை மதிப்பிடும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கேஷ் நினைவகம், அதாவது கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறு சேமிப்பு. சமையல் மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருப்பதற்கும், ஒவ்வொரு முறையும் பரணில் ஏறி டப்பாவை இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுத்துவர சுமார் 70 நானோநொடிகள் ஆகின்றன என்று கொண்டால், 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோர் அந்த நேரத்தில் 300-க்கும் மேற்பட்ட துடிப்புகளை இழக்கிறது. 12400-இல் ஒவ்வொரு கோருக்கும் 1.25 எம்பி இரண்டாம் நிலைக் கேஷும், எல்லாக் கோர்களுக்கும் பொதுவாக 18 எம்பி மூன்றாம் நிலைக் கேஷும் உள்ளன. 5600ஜி-யில் கோருக்கு 512 கேபி, பொதுவில் 16 எம்பி. இங்கே வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 'ஜி' எழுத்தில்லாத ரைசன் 5 5600 வேறு பிராசஸர். அதன் மூன்றாம் நிலைக் கேஷ் 32 எம்பி. 'ஜி' உள்ளதில் கிராபிக்ஸ் பகுதி கிடைக்கிறது, ஆனால் கேஷ் பாதியாகிறது, கிராபிக்ஸ் கார்டு செருகும் பிசிஐஇ இணைப்பும் நான்காம் தலைமுறையிலிருந்து மூன்றாம் தலைமுறைக்கு இறங்குகிறது. பின்னால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று திட்டமிட்டிருப்பவர்கள் 'ஜி'யை வாங்காமல் இருப்பதே நல்லது.

இனி என் சொந்த வேலை. பழைய தமிழ் இதழ்களையும் காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களையும் ஸ்கேன் செய்து, டெஸ்ஸராக்ட் என்ற கட்டற்ற ஓசிஆர் மென்பொருளின் மூலம் எழுத்துகளாக மாற்றி, பிழை திருத்திச் சேமிப்பதை நான் நெடுநாளாகச் செய்துவருகிறேன். ஒரு நூலை எடுத்துக்கொண்டால் ஸ்கேன் செய்த பக்கங்களைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும், கறைகளை நீக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு பக்கமாக வாசிக்கவைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் பிராசஸரை உண்மையாகவே பிழிந்தெடுப்பது. ஆகவே இரண்டு கணினிகளையும் ஒப்பிட நான் இதையே முதன்மைச் சோதனையாக எடுத்துக்கொண்டேன். ஒரே பதிப்பு மென்பொருள், எழுத்துகளை அடையாளம் காண மென்பொருள் பயன்படுத்தும் ஒரே தமிழ்ப் பயிற்சிக் கோப்பு, ஒரே பக்கங்கள், ஒரே அளவு நினைவகம். பின்னணியில் பிரவுசர் உட்பட எதுவும் ஓடவில்லை.

முதல் ஓட்டத்திலேயே ஒரு விசித்திரம் தென்பட்டது. பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தபோது, இரண்டு கணினிகளிலுமே சில கோர்கள் உழைத்தன, மற்றவை சும்மா இருந்தன. உழைத்தவையும் பாதி நேரம் ஒன்றுக்கொன்று காத்துக்கிடந்தன. காரணம் பிராசஸரில் இல்லை. டெஸ்ஸராக்ட் ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தனக்குள்ளேயே நான்கு த்ரெட்கள் வரை திறந்துகொள்கிறது. ஆனால் ஒரே பக்கத்துக்குள் வேலையை அப்படித் துண்டாடுவதில் கிடைக்கும் ஆதாயம் சொற்பம், ஒருங்கிணைப்புக்கு ஆகும் செலவோ அதிகம். சூழல் மாறி (environment variable) எனப்படும் அமைப்பு ஒன்றின் மூலம் அதை ஒரே த்ரெட்டில் நிறுத்திவிட்டு, ஆறு பக்கங்களை ஆறு தனித்தனி ஓட்டங்களாகக் கொடுத்தவுடன், ஆறு கோர்களும் நிரம்பின, மொத்த நேரம் சட்டென்று குறைந்தது. 5600ஜி-யில் இந்த ஒரு மாற்றம் தந்த ஆதாயம், 5600ஜி-யை விட்டு 12400-க்கு மாறினால் கிடைக்கக்கூடிய ஆதாயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பயிற்சிக் கோப்பிலும் இதே நிலைதான். டெஸ்ஸராக்டுக்குத் துல்லியத்தை முன்னிறுத்தும் ஒரு தமிழ்க் கோப்பும், முழு எண் கணக்கில் ஓடும் வேகமான இன்னொரு கோப்பும் கிடைக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் வரும் வேறுபாட்டின் முன் இரு பிராசஸர்களின் வேறுபாடு சிறியதாகிவிடுகிறது. பிராசஸரை மாற்றும் முன் மென்பொருளின் அமைப்புகளைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இந்த அனுபவத்தால்தான்.

அமைப்புகளைச் சரிசெய்த பிறகு நடத்திய ஒப்பீட்டில் 12400 முன்னால் வந்தது. வித்தியாசம் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும்படி தெளிவாக இருந்தது, ஆனால் இரு மடங்கு போன்ற கதை எதுவும் இல்லை. ஆறு ஓட்டங்களைப் பன்னிரண்டாக உயர்த்தியபோது இரண்டிலுமே மேலும் கொஞ்சம் ஆதாயம் கிடைத்தது. 12 த்ரெட் என்பது 12 கோர் அல்ல. ஒரே கோரின் உறுப்புகளை இரண்டு த்ரெட்கள் பகிர்ந்துகொள்கின்றன, ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் மற்றொன்று உழைக்கிறது. இந்த வகையில் கால் பங்கு கூடுதல் வேலை நடந்தாலே நல்ல பலன் என்று கொள்ள வேண்டும். ஓசிஆரின் துல்லியத்துக்கும் பிராசஸருக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்படி நினைத்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் வரும் பழைய 'னை', 'லை', 'றா' வடிவங்களில் மென்பொருள் தடுமாறுவது எந்தப் பிராசஸரிலும் ஒரே மாதிரிதான்.

கோர்களைப் பற்றிப் பேசும்போது கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வேலையில் பிரித்துச் செய்ய முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கு உச்சவரம்பு கட்டிவிடும். வேலையில் 90 விழுக்காட்டைப் பிரித்துச் செய்ய முடிந்தால், 6 கோர்கள் தரும் வேகம் 6 மடங்கல்ல, 4 மடங்கு. பாதியை மட்டுமே பிரிக்க முடிந்தால் கிடைப்பது 1.7 மடங்கு. பக்கங்கள் ஒன்றையொன்று சாராத ஓசிஆர் வேலை ஏறத்தாழ முழுவதும் பிரிக்கக்கூடியது என்பதால் அதற்குக் கோர்கள் நன்றாகப் பயன்படுகின்றன. எழுத்துச் செயலியிலும் கணக்கு மென்பொருளிலும் பிரவுசரிலும் கழியும் நாளுக்கு ஒற்றைக் கோரின் வேகமே முதன்மை. அதில் 12400-க்கு ஒரு சிறு சாதகம் உண்டு, ஆனால் தட்டச்சு செய்பவரின் கைக்கு அது தெரியாது.

இப்போது அறைக்கு வருவோம். இணையத்தில் நாம் படிக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை குளிரூட்டப்பட்ட அறைகளில், பெரிய குளிர்விப்பான்களைப் பொருத்தி எடுக்கப்பட்டவை. என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்தது. மே மாதப் பிற்பகலில் வெளியே 40 பாகையைத் தொடும் நாட்களில், வெயில் தாழ்ந்த பின்னும் கூரையின் சூடு இரவு வரை இறங்கிக்கொண்டே இருக்கும். குளிர்விப்பானின் கணக்கு எளிமையானது: குறிப்பிட்ட மின்சக்தியில் அது பிராசஸரை அறையின் வெப்பத்தைவிடக் குறிப்பிட்ட அளவு சூடாக வைத்திருக்கும். அந்த அளவு 45 பாகை என்று கொண்டால், 24 பாகை அறையில் பிராசஸர் 69-இல் நிற்கும். 37 பாகை அறையில் 82-இல் நிற்கும். 12400 தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை 100 பாகை, 5600ஜி-க்கு அது 95. பெட்டியோடு வரும் விசிறிகளை வைத்து, மூடிய கேபினட்டுக்குள், தூசி படிந்த நிலையில் ஓட்டினால், அந்த எல்லைகள் நாம் நினைப்பதைவிட அருகிலேயே இருக்கின்றன.

இங்கேதான் 65 வாட் என்ற பொது எண்ணின் உள்ளே இரண்டு வேறு கணக்குகள் இருப்பது தெரியவருகிறது. 12400-இல் 65 வாட் என்பது அடிப்படை மின்சக்தி. டர்போ எனப்படும் கூடுதல் வேகத்தில் ஓடும்போது அது 117 வாட் வரை எடுத்துக்கொள்ள இன்டெல் அனுமதிக்கிறது. 5600ஜி-யில் 65 வாட் என்பது குளிர்விப்பானைத் தேர்ந்தெடுப்பதற்கான வெப்ப அளவு. மதர்போர்டில் பிராசஸர் பொருந்தும் சாக்கெட் வழியாக அது எடுத்துக்கொள்ளும் உச்ச மின்சக்தி 88 வாட். ஆறு கோர்களும் ஒருசேர உழைக்கும்போது 12400 4.4-இல் ஓடுவதில்லை, 4.0 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே சாதாரண வேலைகளில் அந்த 117 வாட்டை அது எட்டுவதும் இல்லை. 117-ஐப் பார்த்து மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். முழு வித்தியாசமான சுமார் 30 வாட்டும் தினம் 8 மணி நேரம் கூடுதலாகச் செலவாகிறது என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதக் கணக்கெடுப்புக்கு 15 யூனிட்டைத் தாண்டாது. அதுவும் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் பிராசஸர் சீக்கிரம் ஓய்வுக்குத் திரும்பிவிடுகிறது. செலவாகும் மின்சாரம் வாட்டையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது, வாட்டை மட்டும் பார்த்தால் வருவதல்ல.

ஒப்பிடும்போது ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குளிர்ந்திருக்கும் உலோகம் தொடக்கத்தில் நிறையச் சூட்டை விழுங்கிக்கொள்ளும். விசிறியும் அமைதியாக இருக்கும். எண்கள் அழகாக வரும். ஒரு முழு நூலைக் கொடுத்து, கால் மணி நேரம் கழிந்த பிறகு கோர்களின் வேகத்தையும் வெப்பத்தையும் பார்த்தால்தான் இந்த ஊரில் அந்த பிராசஸர் உண்மையில் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியும். அப்படிப் பார்த்தபோது 12400-இன் விசிறி இரைச்சலாக ஓடினாலும் வேகம் விழவில்லை. 5600ஜி-யின் வெப்பம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அதன் சிறிய விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிதாகத் தெர்மல் பேஸ்ட் வைத்த பிறகு நிலைமை சீரானது. நம் ஊர்த் தூசிக்கு இதை வருடத்துக்கு ஒருமுறையாவது செய்தாக வேண்டும்.

ஒப்பீடுகளைப் படிக்கும்போது நான் கவனமாகப் பார்ப்பது சராசரி எடுத்த விதம். இரண்டு வேலைகளை வைத்துக்கொள்வோம். முதல் வேலையை 'அ' கணினி 10 நிமிடத்திலும் 'ஆ' 20 நிமிடத்திலும் முடிக்கின்றன. இரண்டாவது வேலையில் 'அ'வுக்கு 20, 'ஆ'வுக்கு 10. 'அ'வை அடிப்படையாகக் கொண்டு விகிதம் எடுத்தால் 'ஆ'வின் நேரங்கள் 2, 0.5; கூட்டிப் பாதியாக்கினால் 1.25, அதாவது 'ஆ' 25 விழுக்காடு மெதுவானது. 'ஆ'வை அடிப்படையாகக் கொண்டாலோ, அதே கணக்கில் 'அ' 25 விழுக்காடு மெதுவானது. இரண்டும் ஒன்றையொன்று விட மெதுவாக இருக்க முடியாது. விகிதங்களைப் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்கல் சராசரியில் விடை 1 என்று வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறுவதில்லை. 1988-இல் தொடங்கப்பட்ட ஸ்பெக் அமைப்பு தன் பிராசஸர் சோதனைகளில் இந்தச் சராசரியைத்தான் பயன்படுத்துகிறது. இருபது வேலைகளை ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும் எந்தப் பட்டியலையும் படிக்கும்போது, எந்தச் சராசரி என்பதோடு அந்த இருபதில் நான் செய்யும் வேலை இருக்கிறதா என்பதையும் தேடுவேன். பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழ் ஓசிஆரை எவரும் சோதனையாக வைப்பதில்லை.

அக்கா மகன் போரூரில் இருந்துகொண்டு கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறான். அவனுக்கு எது என்பதில் எனக்குத் தயக்கமே எழவில்லை, அதற்கான காரணம் மேலே சொன்ன எதுவும் இல்லை. இப்போதைய கேமராக்கள் பல, எச்இவிசி என்ற வீடியோச் சுருக்க முறையில் 10 பிட், 4:2:2 எனப்படும் கூடுதல் நிறத் தகவலோடு பதிவு செய்கின்றன. முகூர்த்தப் பட்டின் நிறம் திருத்தும்போது சிதையாமல் இருக்க அவன் அந்தப் பதிவையே விரும்புகிறான். அந்த வகைக் கோப்பை விரித்துக் காட்டுவதற்கென்றே 12400-இன் கிராபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று இருக்கிறது. 5600ஜி-யின் கிராபிக்ஸ் பகுதியில் இந்த வகைக்கு அது இல்லை. ஆகவே 5600ஜி-யில் எல்லாக் கோர்களும் சேர்ந்து மூச்சு வாங்க விரித்துக் காட்டியும் டைம்லைனில் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. 12400-இல், எடிட்டிங் மென்பொருளில் அந்த வசதியை இயக்கியவுடன், கோர்கள் ஏறத்தாழச் சும்மா இருக்கப் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சினிபெஞ்சில் எட்டில் ஒரு பங்காக இருந்த இடைவெளி இங்கே வேலை நடக்கிறதா, நடக்கவில்லையா என்ற அளவுக்கு விரிந்துவிட்டது. "மாமா, இது ஒண்ணு போதும், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவன் சொன்னது சரியான மதிப்பீடு. அதே கேமராவில் எச்.264 முறையில் 4:2:2 பதிவு செய்தால் இந்தச் சுற்று கைகொடுக்காது என்பதையும் அவனிடம் சொல்லி, கேமராவின் அமைப்பை மாற்றவைத்தேன்.

கீழ்வீட்டுப் பையனுக்கு என்று கேட்டிருந்தால் என் பதில் நேர் எதிராக இருந்திருக்கும். அவனுக்குப் பள்ளிப் பாடமும், விடுமுறையில் விளையாட்டும். தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் வீட்டில் இல்லை. விளையாட்டில் 12400-இன் யுஎச்டி 730 கிராபிக்ஸ், 5600ஜி-யின் வேகா 7 கிராபிக்ஸுக்குப் பக்கத்தில்கூட வராது. அந்தப் பயன்பாட்டுக்கு 5600ஜி-யே பொருத்தம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதி முதன்மை நினைவகத்தையே பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 நினைவகத்தின் ஒரு பட்டை நொடிக்கு 25.6 ஜிபி தகவலைத்தான் கொண்டுவர முடியும். இரண்டு பட்டைகள் இரண்டு தடங்களில் சேர்ந்து 51.2 ஜிபி கொண்டுவரும். கடைகளில் 16 ஜிபியை ஒரே பட்டையாகக் கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. இரண்டு 8 ஜிபி பட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். 5600ஜி-யில் இதைத் தவறவிட்டால் வேகா 7-க்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீண்தான். 12400 டிடிஆர்5-ஐயும் ஏற்கும். எந்த வகை என்பதை மதர்போர்டு முடிவு செய்கிறது.

பின்னால் மாற்றிக்கொள்வதற்கான வழி இரண்டுக்கும் உண்டு. 12400-இன் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைகளும் பொருந்தும். 5600ஜி-யின் ஏஎம்4 சாக்கெட்டில் 96 எம்பி மூன்றாம் நிலைக் கேஷ் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை போகலாம். இரண்டிலும் முதலில் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

12400 இப்போது போரூரில் இருக்கிறது. அவனுடைய கடையில் ஏசி இருப்பதால் மின்சக்தி வரம்பை நான் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோடையில் ஓட்டுவதானால் பயாஸில் அதை 65 வாட்டில் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அவன் வேலையில் அதனால் இழப்பு ஏதும் தெரியாது. என் 5600ஜி என்னிடமே இருக்கிறது. நூல்களை நான் இரவில் ஓடவிட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன். 12400-ஆக இருந்தால் விடிவதற்கு முன்பே இன்னும் கொஞ்சம் சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் நான் பார்ப்பது காலையில்தான். பக்கங்களின் எண்ணிக்கை பெருகி இரவு போதாமல் போகும் நாளில், அதே மதர்போர்டில், அதே 65 வாட் வகையில், 8 கோர்கள் கொண்ட 5700ஜி-யைப் பொருத்திக்கொள்வேன். பக்கத்துக்கு ஒரு ஓட்டம் என்று பிரிந்துகொள்ளும் இந்த வேலைக்கு, வேகமான ஆறு கோர்களைவிட, இப்போதைய வேகத்திலேயே ஓடும் எட்டுக் கோர்கள் கூடுதலாக உழைக்கும்.